மஞ்சள் தடவிய கடுதாசி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் செயலாளர் தம்பி போனில் கூப்பிட்டு, "சார், இந்த வருஷம் நீங்க பேசணும்" என்றார். "எதைப் பத்திப்பா?" என்று கேட்டேன். "பிள்ளைங்களுக்கு உபயோகமா எதையாவது சொல்லுங்க. ஆனா அறிவுரை மட்டும் வேண்டாம் சார்" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் வாத்தியாராக இருந்தவனிடம் அறிவுரை சொல்லாமல் பேசு என்பது, நாகஸ்வரக்காரரிடம் ஊதாமல் வாசியுங்கள் என்று சொல்வது மாதிரி. இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

இரண்டு சின்னச் சந்தோஷங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்று, கண்ணைப் பறிக்கிற பளிச்சென்ற நிறம். இன்னொன்று, கையால் எழுதிய கடிதம். இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது. இரண்டையும் ஏன் ஒன்றாகக் கட்டுகிறேன் என்பது போகப் போகத் தெரியும். தலைப்பைப் பார்த்துவிட்டு இங்கே இருக்கிற வியாபார நண்பர்கள் யாரும் பயந்துவிட வேண்டாம். கடன்காரர்களுக்குக் கையை விரிக்கிற 'மஞ்சக் கடுதாசி' வேறு. நான் சொல்ல வந்தது வேறு.

விடுதிச் சுவரில் ஒரு மரத்தட்டு

நான் 1974-இல் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டிலிருந்து தகரப் பெட்டியோடு வந்திறங்கிய பையன். அன்றைக்கு விடுதியில், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில், சுவரோடு ஒரு மரத்தட்டு அடித்திருக்கும். ஏ முதல் இசட் வரை சின்னச் சின்ன அறைகள். தபால்காரர் பதினோரு மணி வாக்கில் கொண்டுவந்து கொடுப்பதை விடுதி எழுத்தர் பெயர் பார்த்துப் பிரித்து அதில் செருகி வைப்பார். மத்தியான மணி அடித்ததும், சோற்றுக்கு ஓடுகிறவர்களைவிட அந்தத் தட்டுக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். சாம்பார் எப்படியும் இருக்கும். கடுதாசி இருக்குமா என்பதுதான் கேள்வி.

கிட்டே போகும் முன்னாலேயே நிறம் சேதி சொல்லிவிடும். நீலம் என்றால் இன்லண்டு லெட்டர். வெளிர் மஞ்சள் என்றால் கார்டு. ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகச் சாய்கோடு போட்ட உறை வந்தால் யாருக்கோ மலேசியாவிலோ குவைத்திலோ மாமா இருக்கிறார் என்று அர்த்தம்; அன்று சாயங்காலம் அவனிடம் தபால்தலை கேட்டு நாலு பேர் நிற்பார்கள்.

தபால் பெட்டி சிவப்பாக இருப்பதற்கே ஒரு கதை உண்டு. பிரிட்டனில் ஆரம்பத்தில் சாலையோரத் தபால் பெட்டிகளுக்குப் பச்சை வர்ணம்தான் பூசினார்கள். பச்சை கண்ணுக்குத் தட்டுப்படவில்லை, ஆட்கள் போய் முட்டிக்கொள்கிறார்கள் என்று புகார் வந்தது. 1874-இல் சிவப்புக்கு மாற்றத் தொடங்கினார்கள். எல்லாப் பெட்டிகளையும் பூசி முடிக்கப் பத்து வருடம் ஆயிற்று. கடுதாசி போடுகிறவனுக்குப் பெட்டி கண்ணில் பட வேண்டும் என்பதற்காக ஓர் அரசாங்கம் பத்து வருடம் வர்ணம் அடித்திருக்கிறது! அந்தச் சிவப்புதான் நம் ஊர் வேப்பமரத்தடிப் பெட்டிக்கும் வந்து சேர்ந்தது.

மையின் சங்கதி

வேதியியல்காரனைப் பேசக் கூப்பிட்டால் மையைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாளில் பேனா மையில் இரண்டு கட்சி. ராயல் ப்ளூ கட்சி, ப்ளூ பிளாக் கட்சி. மாணவர்கள் பெரும்பாலும் ராயல் ப்ளூ. பார்க்க அழகு, சட்டையில் சிந்தினாலும் துவைத்தால் போய்விடும். தலைமையாசிரியர், கணக்குப்பிள்ளை, வக்கீல் குமாஸ்தா எல்லாம் ப்ளூ பிளாக். அந்தக் காலத்து ப்ளூ பிளாக் மைகள் பலவற்றில் இரும்பு உப்பும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்திருக்கும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே சங்கதிதான். எழுதும்போது வெளிறி இருக்கும். காற்றுப் பட்டதும் கறுக்கும். தாளின் நாரோடு பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பட்டாலும் லேசில் போகாது. பத்திரம் எழுத அதுதான் சரி.

அம்மாவிடமிருந்து எனக்கு வந்த கடுதாசிகள் எல்லாம் ராயல் ப்ளூவில் இருந்தன. காரணம், அவை எதுவும் அம்மா எழுதியவை கிடையாது.

நாலு கையெழுத்து, ஒரு கட்டைவிரல்

என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதிர்வீட்டில் எட்டாம் வகுப்பு வரை படித்த ஓர் அக்கா இருந்தார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அந்த அக்கா எழுதுவார். அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "எய்யா, சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கியா? ராத்திரி முழிச்சிக் கிடந்து கண்ணைக் கெடுத்துக்கிடாத." அக்கா பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும் பாடம் படித்தவர் அல்லவா? தாளில் வருவது இப்படி: 'நலம், நலமறிய ஆவல். வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும். இரவில் அதிகம் கண் விழிக்க வேண்டாம். மற்றவை நேரில்.' எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிகூட அந்தக் கடிதத்தில் இலக்கணமாகத்தான் குட்டி போடும்.

அந்த அக்காவுக்குக் கல்யாணமாகிப் போனபின் மேலத்தெருப் பையன் ஒருவன் எழுதினான். அவன் வேலைக்குப் போனதும் வேறொரு பெண். சில தடவை தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கையோடு எடுத்துப் போவார். மூன்று வருடத்தில் நாலு கையெழுத்து. ஆனால் எல்லாக் கடுதாசியிலும் மாறாமல் ஒன்று இருக்கும். இன்லண்டு தாளின் மேல் மூலையில், மஞ்சளைக் குழைத்துக் கட்டைவிரலால் ஒரு தொடல். அதுதான் அம்மாவின் கையெழுத்து.

மஞ்சள் தடவுவது கல்யாணப் பத்திரிகைக்கும் புதுக்கணக்குக்கும் உள்ள வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்காவும் அதைத்தான் சொன்னாராம். அதற்கு அம்மா சொன்ன பதிலை அக்கா பிற்பாடு எனக்குச் சொன்னார்: "துட்டிக் கடுதாசியில மஞ்ச இருக்காதுல்லா? பிரிக்கிறதுக்கு முன்னாலயே புள்ளைக்குத் தெரியணும், நாம எல்லாரும் நல்லா இருக்கோம்னு."

எவ்வளவு யோசித்திருக்கிறாள் பாருங்கள்! கடுதாசி கையில் வந்ததும் விடுதிப் பையனின் நெஞ்சு ஒரு நொடி திக்கென்று அடிக்கும். அந்த ஒரு நொடியைக்கூட மகனுக்குக் கொடுக்கக் கூடாது என்று மூலையில் ஒரு நிறம் வைத்து அனுப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறைத்தோழன் தன் துணியோடு என் சட்டையையும் சேர்த்து பார் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டான். சட்டைப் பையில் அம்மாவின் கடுதாசி. எடுத்துப் பார்த்தால் ராயல் ப்ளூ அத்தனையும் கரைந்து போய்விட்டது. ஓர் எழுத்து மிச்சமில்லை. மூலையில் இருந்த மஞ்சள் மட்டும் ரத்தச் சிவப்பாக நிற்கிறது! அவன் பதறிவிட்டான். நான் சிரித்தேன். அந்த வாரம்தான் ஆய்வகத்தில் மஞ்சள் தாளைக் காரத்தில் தோய்த்துச் சிவக்க வைத்திருந்தோம். மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதே வினைதான் சோப்பிலும் நடக்கிறது. அலசிக் காயவைத்ததும் மறுபடி மஞ்சளாகிவிட்டது. சொன்ன சேதி போனது, சொன்னவள் போகவில்லை. அந்த வெற்றுத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

1976-இல் அப்பா தவறிப்போனார். அந்தச் சேதி கடுதாசியில் வரவில்லை, தந்தியில் வந்தது. ஊருக்குப் போனேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அம்மாவுக்கு வெள்ளைச் சேலை கட்டினார்கள். நெற்றியில் குங்குமம் போயிற்று, முகத்தில் மஞ்சள் போயிற்று. அன்றைய ஊர் வழக்கம் அது. யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் பரீட்சைக்குக் கல்லூரி திரும்பினேன்.

மூன்று வாரம் கழித்து அந்த மரத்தட்டில் எனக்கு ஒரு நீலத் தாள் இருந்தது. முதலில் மூலையைத்தான் பார்த்தேன். மஞ்சள் இருந்தது.

தீபாவளி விடுமுறையில் போனபோது அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, கடுதாசியில மஞ்ச வச்சியே, யாரும் ஒண்ணும் சொல்லலியா?" அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "மஞ்ச எனக்குத்தானே இல்லன்னாக? கடுதாசிக்குமா இல்ல?"

நண்பர்களே, நான் வேதியியலில் எத்தனையோ பெரியவர்களின் புத்தகங்களைப் படித்திருக்கிறேன். நிறத்தைப் பற்றி இதைவிடப் பெரிய வாக்கியத்தை எதிலும் பார்க்கவில்லை.

நிறம் யாருக்குச் சொந்தம்?

நிறம் என்பது சின்ன விஷயம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். சின்ன விஷயம்தான். ஆனால் அதை ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும்போதுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

ஒரு காலத்தில் பளபளப்பான நிறம் என்பதே காசுள்ளவர்களுக்கு மட்டும். செடியிலும் வேரிலும் பூச்சியிலும் நத்தையிலும் சாயம் எடுத்தார்கள். நல்ல ஊதா நிறம் உடுத்த நல்ல பணம் வேண்டும். 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்று ஒரு மாணவர். வயது பதினெட்டு, இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற முதலாண்டுப் பிள்ளைகளின் வயது. ஈஸ்டர் விடுமுறையில் வீட்டிலேயே வைத்திருந்த சின்ன ஆய்வகத்தில் மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்கப் பார்த்தார். மருந்து வரவில்லை. குடுவையில் கறுப்பாக ஒரு கசடுதான் தங்கியது. அதைச் சாராயத்தில் கரைத்துப் பார்த்தால் அருமையான ஊதா! உலகின் முதல் செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்து கிளம்பியது. அதற்கப்புறம்தான் கூலி வேலை செய்கிறவளும் சந்தையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை எடுக்க முடிந்தது. (சாயக் கழிவு ஆறுகளை என்ன செய்தது என்பது இன்னொரு கதை. திருப்பூர்க்காரர்களைக் கேட்டால் நொய்யலைப் பற்றிச் சொல்வார்கள். அதையும் சரிசெய்ய வேண்டியது வேதியியல் மாணவர்கள்தான்.)

நம் ஜனங்கள் நிறத்துக்கு வைத்த பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கிளிப்பச்சை, ராமர் பச்சை, மயில் கழுத்து, வெங்காயச் சருகு, மாம்பழ மஞ்சள், மிளகாய்ப் பழச் சிவப்பு, வாடாமல்லி, அரக்கு, பாக்கு நிறம். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளின் பெயரைத்தான் நிறத்துக்கு வைத்திருக்கிறார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய பட்டின் நீலத்துக்கே 'எம்.எஸ். ப்ளூ' என்று பெயர் நின்றுவிட்டது. நம் தாமிரபரணிக் கரையில் பத்தமடையில் கல்யாணப் பாய் நெய்கிறார்கள். கோரையைக் கீறிச் சாயம் ஏற்றி, சிவப்பும் பச்சையுமாக, நடுவில் மாப்பிள்ளை பெண் பெயரையும் நெய்துவிடுவார்கள். நிறமும் எழுத்தும் ஒரே பாயில்!

இப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்துவிட்டு, கல்லூரிக்குள் நுழைந்ததும் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. ராமர் பச்சையில் சட்டை போட்டு வந்த ஒரு பையனை எங்கள் வகுப்பில் "என்னடே, கிளி ஜோசியமா?" என்று கேலி செய்வார்கள். வெளிறிய நிறம்தான் நாகரிகம், அடித்த நிறம் பட்டிக்காடு என்று யார் சொன்னார்கள்? அந்தப் பையன் அசரவில்லை. "எங்க அக்கா பீடி சுத்தின காசுல எடுத்துக் குடுத்தது" என்றான். அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

1998-இல் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். நான் அம்மாவுக்கு வாடாமல்லி நிறத்தில் ஒரு சேலை எடுத்துப் போனேன். "ஊரு என்னய்யா சொல்லும்?" என்றாள். "ஊரு கிடக்கு பாட்டி" என்று கல்யாணப் பெண்ணே கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள். பந்தலில் அம்மா வந்து உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைச் சேலை கட்டிய இரண்டு கிழவிகள் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையைக் கையில் எடுத்துத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த விரல்களை என்னால் மறக்க முடியவில்லை.

படத்தில் போன நிறம், கடிதத்தில் இருக்கிறது

பளிச்சென்ற நிறத்தையும் கடிதத்தையும் ஒருசேர நேசித்த ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால், ஓவியர் வான்கோவைச் சொல்வேன். சூரியகாந்திப் பூக்களை வரைந்தவர். அவர் எழுதிய கடிதங்கள் எண்ணூறுக்கும் மேல் இன்று கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி தம்பி தியோவுக்கு எழுதியவை. பிரான்சில் ஆர்ல் என்ற ஊரில் மஞ்சள் பூசிய ஒரு வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தார். ஓவிய நண்பர் பால் கோகன் வந்து தங்கப் போகிறார் என்று, அவர் அறையை அலங்கரிக்க 1888 ஆகஸ்டில் வரைந்தவைதான் அந்தச் சூரியகாந்திப் படங்கள். வருகிற நண்பரின் கண்ணுக்கு ஒரு விருந்து!

அதே வருடம் அக்டோபரில் தன் படுக்கையறையை வரைந்தார். வரைந்த கையோடு தம்பிக்குக் கடிதம். சுவர் என்ன நிறம், தரை என்ன நிறம், கட்டில் என்ன நிறம், போர்வை என்ன நிறம் என்று ஒவ்வொன்றாக எழுதினார். இன்று அந்தப் படத்தில் சுவர் நீலமாகத் தெரிகிறது. கடிதத்திலோ வெளிர் ஊதா என்று எழுதியிருக்கிறார். எது சரி? ஆராய்ந்து பார்த்தார்கள். அவர் நீலத்தோடு கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துவிட்டது. ஆகவே ஊதா நீலமாகிவிட்டது. படத்தில் போன நிறம் கடிதத்தில் அப்படியே இருக்கிறது.

வான்கோ 1890 ஜூலையில் இறந்தார். ஆறே மாதத்தில் தம்பி தியோவும் போய்விட்டார். தியோவின் மனைவி ஜோவுக்கு வயது இருபத்தெட்டு. கையில் ஒரு வயதுக் குழந்தை. யாரும் பெரிதாக வாங்காத படங்களும், கட்டுக்கட்டாகக் கடிதங்களும்தான் சொத்து. அவற்றைத் தூக்கிப் போடாமல் காத்து, 1914-இல் கடிதங்களை அச்சிட்டார் அந்தப் பெண்மணி. இன்று உலகம் வான்கோவை அறிந்திருப்பதற்கு அவரும் ஒரு பெரிய காரணம்.

போனுக்கு நான் எதிரி அல்ல

"அந்தக் காலத்துல எல்லாமே நல்லா இருந்துச்சு" என்று நான் சொல்ல வரவில்லை. தந்தி என்றதும் பிரிக்காமலே அழுத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வேலைக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த மறுநாள் வந்து சேர்ந்த கதை இந்த அரங்கிலேயே பலருக்கு இருக்கும். என் அம்மா காலத்தில் வாட்ஸ்அப் இருந்திருந்தால், எழுதத் தெரியாத அவள் யார் தயவும் இல்லாமல் தன் குரலிலேயே "எய்யா" என்று கூப்பிட்டிருப்பாள். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றபோது எனக்கு வருத்தம் வரவில்லை.

ஆனால் போன் செய்கிற வேலை வேறு, கடிதம் செய்கிற வேலை வேறு. போன் 'இப்போது எப்படி இருக்கிறாய்' என்று கேட்கும். கடிதம் உட்கார்ந்து யோசித்து, உனக்கென்று அரைமணி நேரம் ஒதுக்கி, திருப்பிப் படித்துப் பார்த்து வருகிறது. அதில் அடித்தல் இருக்கும், திருத்தல் இருக்கும், இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதிய இரண்டு வரி இருக்கும். கை நடுங்கியது தெரியும். ஆயிரம் பேருக்கு ஒரே பூப்படத்தை 'காலை வணக்கம்' என்று தள்ளிவிட முடியும். ஆயிரம் பேருக்கு ஒரே கையெழுத்துக் கடிதத்தை எழுத முடியாது. அது ஒருவருக்குத்தான்.

இதற்கு ஆட்கள் வேண்டும். எழுதுகிற ஆள் இல்லை என்றால் கொண்டுபோகிற ஆளும் இருக்க மாட்டார். டென்மார்க்கில் 1624 முதல் நடந்துவந்த அரசு அஞ்சல், 2025 டிசம்பர் 30-ஆம் தேதி தன் கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அந்த வேலையை நிறுத்திக்கொண்டது. சிவப்புப் பெட்டிகளைத் தெருவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்துபோனதுதான் காரணம். நம் நாட்டில் 2025-இல் ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்தபோது, தபாலே நின்றுவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். இல்லை. சாதாரணக் கடிதம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தபால் நிலையங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. ஒரு டீ குடிக்கிற காசுக்குள் ஒரு கடுதாசி கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போய்விடும்.

பதில் போட்ட பெரியவர்கள்

நம் நெல்லைச் சீமைக்குக் கடிதத்தில் தனிப் பெருமை உண்டு. குற்றாலத்தில் இருந்துகொண்டு ரசிகமணி டி.கே.சி. எழுதிய கடிதங்களே ஓர் இலக்கியம். எங்கள் கரிசலில் இடைசெவல் என்ற ஒரே ஊரில் பிறந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அழகிரிசாமி வேலை தேடி ஊரை விட்டுப் போனபின் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் புத்தகமாகவே வந்தன. ராஜவல்லிபுரத்து வல்லிக்கண்ணனோ முகம் தெரியாத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் எழுதுவார். யாரோ ஒரு பையன் முதல் கதை எழுதி அனுப்பியிருப்பான். அவனுக்கு இவரிடமிருந்து படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லிப் பதில் வந்துவிடும். 2006-இல் அவர் மறைந்தபோது, எத்தனையோ பேர் தங்களிடம் இருந்த அவர் கடிதங்களைத் தேடி எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

அவர்கள் பெரிய மனிதர்கள், நாம் அப்படியா என்று கேட்காதீர்கள். எழுதவே தெரியாத ஒரு கிராமத்துத் தாய் கட்டைவிரலால் செய்ததை, பட்டம் வாங்கிய நம்மால் செய்ய முடியாதா?

ஒரு வேண்டுகோள்

அறிவுரை வேண்டாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். ஆகவே இதை வேண்டுகோள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் விடுதியில் இந்த வருடமும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முதன்முதலாக வீட்டை விட்டு வந்து தங்கியிருக்கிறார்கள். கையில் போன் இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் காப்பாளரிடம் கேட்டால், "பேச ஆளில்லாம முழிக்கிற பிள்ளைங்க நிறைய இருக்காங்க சார்" என்கிறார். நாம் வருடத்துக்கு ஒருநாள் வந்து, புகைப்படம் எடுத்து, விருந்து சாப்பிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பிள்ளைகளில் ஒருவரின் பெயரை நம்மில் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு நாலு கடிதம். நாம் இந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தில் திணறினோம், எந்த மரத்தடியில் உட்கார்ந்தோம், எப்படிச் சமாளித்தோம் என்று எழுதினால் போதும். உபதேசம் கூடாது, அது எனக்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய மரத்தட்டு இப்போது நூலகத்தின் பின்புறம் தூசியடைந்து கிடக்கிறதாம். அதை எடுத்துத் துடைத்து, நல்ல பளிச்சென்ற வர்ணம் ஒன்று அடித்து, இருந்த இடத்திலேயே மாட்டித் தரச் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். என்ன நிறம் என்பதை முதலாண்டு மாணவர்களே முடிவு செய்யட்டும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வாரம் வீட்டுக்கு ஒரு கடுதாசி போடுங்கள். "அம்மாகூட தினமும்தான் பேசுறோம் சார்" என்பீர்கள். பேசுங்கள். பேசியதற்கு மேல் எழுதுங்கள். கையெழுத்து நன்றாக இல்லையே என்று யோசிக்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த நிறத்து மையில் எழுதுங்கள். பரீட்சைத் தாளா என்ன, பச்சையில் எழுதினால் மார்க் குறைக்க? ஓரத்தில் ஒரு பூ வரையுங்கள். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் இருந்தால் அவர் கண்ணுக்கு அந்தப் பூ போதும். அவர் அந்தத் தாளை நாலாக மடித்து, பீரோவில் சேலைக்கு அடியிலோ அரிசிப் பானைக்குப் பக்கத்திலோ வைத்துக்கொள்வார். எத்தனை வருடம் வைத்திருப்பார் என்பதை நீங்கள் அப்புறம்தான் தெரிந்துகொள்வீர்கள்.

அரங்க வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். அதில் நீல நிற இன்லண்டு தாள்களும், சிவப்பைத் தவிர எல்லா நிறத்திலும் பேனாக்களும் இருக்கின்றன. (சிவப்பு வாத்தியார்களின் சொத்து, விட்டுத்தர மாட்டோம்.) முதலாண்டுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் அங்கே இருக்கிறது. பந்தி ஆரம்பிக்க இன்னும் இருபது நிமிடம் இருப்பதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். முதல் கடிதத்துக்கு அது போதும்.